லாச்சிக்குள் கிடந்த ஒயில் கம்பி

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை கராஜில் நீங்கள் இருவரும் வாள்ச்சண்டை போட்ட அந்த நீட்டுக் கம்பியை நான் பறித்து மறுபடி ஆணியில் கொழுவினேன். ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள், நான் உள்ளே போய்விட்டேன். அதன் நுனியை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். எத்தனை தரம் துடைத்து வைத்தாலும் கருகின எண்ணெயும் டீசலும் கலந்த ஒரு மணம் அதில் நிற்கிறது, குளிர் விடியலில் தொட்டால் விரல் விறைக்கும். எஞ்சினுக்குள் ஒயில் எவ்வளவு நிற்கிறது என்று விட்டுப் பார்க்கிற கம்பி அது. நான் தரை ஓடு பதிக்கிறவன், பெரிய படிப்பில்லை, என் தமிழும் ஊரில் நாலாம் வகுப்பு வரைக்கும், அதற்குப் பிறகு அம்மாவிடமும் படித்ததுதான். வாசிக்க முடியாத இடங்களை உங்கள் அம்மா வாசித்துக் காட்டுவா. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மெல்பேணில், த பேசின் மலையடியில், பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பழைய பலகை வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று நாலு பேர் இருந்தோம். வீட்டுக்கு ஒரே வண்டி, பின்பக்கம் திறந்த பெட்டி வைத்த ஒரு பழைய டீசல் "யூட்". விடியப்புறம் அப்பா அதில் மலைக்கு மேலே இருக்கிற பூங்கன்றுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார். பின்னேரம் அவர் வந்து இறங்க, சித்தப்பா கூட்டுகிற மெசினையும் வாளிகளையும் ஏற்றிக்கொண்டு ஆட்கள் வேலை முடிந்து போன கந்தோர்கள் துப்புரவாக்கப் போவார். இருக்கை ஆறுவதில்லை. ஒருவர் சூட்டில் மற்றவர் ஏறி இருப்பார். ஆனால் அந்த வருசம் தைப்பொங்கல் கழிந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

காரணம் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு மேசையில் பத்துப் பதினைந்து பேர் இருக்க, சித்தப்பா பகிடியாகச் சொன்னார்: "அண்ணர் ஏறினா கிளச் அழும். மலை ஏற முதல் கிளச்சுக்கு ஒரு தேங்காய் உடைக்கவேணும்." எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மலையேற்றத்தில் கிளச்சை அரைவாசி அமத்திக்கொண்டே ஓட்டுகிறவர்தான், அது உண்மை. உண்மை என்றபடியால்தான் அவருக்குத் தாங்கவில்லை. கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, "நான் ஸ்பொன்சர் பண்ணி எடுக்காட்டி நீ இண்டைக்கு இஞ்ச நிண்டு பல்லைக் காட்டுவியோடா?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழி முழுக்கச் சித்தப்பா யூட்டின் பின்பெட்டியில் இருந்துதான் வந்தார், உள்ளே இடமிருந்தும்.

அதற்குப் பிறகு நான்தான் அவர்களின் டெலிபோன். ஒரே மேசையில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு அப்பா என்னைப் பார்த்துச் சொல்வார்: "சித்தப்பாட்டச் சொல்லு, டீசல் காற்பங்குக்குக் கீழ இறங்கினா அடிச்சுப்போட்டுக் கொண்டுவந்து விடச்சொல்லி. மனிசர் விடிய வேலைக்குப் போறேல்லையோ?" சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி, "உன்ர கொப்பருக்குச் சொல்லு, டாங்கில ஓட்டை எண்டா நான் என்ன செய்யிறது எண்டு" என்பார். கொப்பர் என்றது என் அப்பாவை. இரண்டு பேருக்கும் இரண்டும் கேட்கும், ஆனாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் கணக்கு. வசவைக் கழித்துவிட்டு நல்லதை மட்டும் சொல்லப் பார்ப்பேன்; உடனே, "சொன்னதை முழுசாச் சொல்லு" என்று இரண்டு பக்கத்தாலும் ஏச்சு விழும். அம்மா ஒருநாள் அகப்பையை மேசையில் அடித்து, "ரெண்டு பேருக்கும் ஒரு பானையில சமைச்சுப் போடுறன், ஆளுக்காள் ஒரு சொல்லுப் போட ஏலாமக் கிடக்கு. அந்த யூட்டைக் கொண்டுபோய் மலையிலயிருந்து உருட்டி விடுங்கோ" என்றா. இரண்டு பேரும் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள்.

வைகாசி பிறந்து மலையிலிருந்து குளிர் இறங்கத் தொடங்கியபோது சண்டை யூட்டுக்குள்ளேயே போய்விட்டது. டீசல் வண்டிக்குக் குளிர் பெரிய எதிரி, அதைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தவேண்டும். பற்றரி முனைகளில் பூத்திருக்கிற வெள்ளைத் தூளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும், டீசல் வடிகட்டியின் அடியில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரைப் போத்தலில் பிடிக்கவேண்டும், ரேடியேற்றரில் உறையாமல் வைத்திருக்கிற பச்சைத் திரவம் பார்க்கவேண்டும், இரவில் எஞ்சின் மூடியான பொனற்றுக்கு மேல் பழைய கம்பளி போடவேண்டும். விடிய ஸ்ராட் பண்ணமுதல், சுருள்போல ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையும் வரைக்கும் பொறுத்திருக்கவேண்டும். இதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் மற்றவர் செய்ததை நம்பாமல் திரும்பச் செய்தார்கள். அப்பா டீசலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலப்பார், ஊரில் சண்டைக்காலத்துப் பெற்றோல் தடை நேரத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய பழக்கம். பின்னேரம் சித்தப்பா அதை மணந்து பார்த்துவிட்டு, "இது யாழ்ப்பாணம் இல்லை எண்டு கொப்பருக்குச் சொல்லு" என்பார்.

ஒயிலில்தான் முற்றிவிட்டது. சித்தப்பா வேலையால் வந்து எஞ்சின் நின்ற கையோடு கம்பியை இழுத்துப் பார்ப்பார். ஒயில் இன்னும் மேலே பரவி நிற்கிறபடியால் குறைவாகக் காட்டும், கொஞ்சம் விடுவார். விடிய அப்பா ஆறின எஞ்சினில் பார்ப்பார். அளவுக்கு மேலே நிற்கும். "சூட்டோடை பாக்கிற மடையன்" என்று அவர் சுவருக்குச் சொல்லுவார், சுவருக்கு அந்தப்பக்கம் சித்தப்பா படுத்திருப்பார். கடைசியில் ஒருநாள் அப்பா அந்தக் கம்பியையே உருவிக்கொண்டு வந்து குசினி "லாச்சி"யை, அகப்பை வைக்கிற இழுப்பறையை, இழுத்து, அகப்பைகளோடும் கரண்டிகளோடும் போட்டு மூடினார். யூட்டில் கம்பி இருந்த துவாரத்துக்குள் ஒரு சீலைத்துண்டை அடைத்துவிட்டார். "என்ர அகப்பைக்குள்ள உந்த இரும்பை வைக்காதேங்கோ" என்று அம்மா கத்தினா. அவர் கேட்கவில்லை. கம்பி அங்கேயே கிடந்தது. சாம்பாருக்குள் டீசல் மணக்கிறது என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னா.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக் கால்பந்து. எனக்கு இடம் கிடைத்த முதல் ஆட்டம். அப்பா விடவில்லை, குளிருக்கு முதல் ஒயில் மாற்றவேண்டும், விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்று மறித்துவிட்டார். எனக்கு அவரில் ஆத்திரம், சித்தப்பாவில் ஆத்திரம், அந்த யூட்டின் ஒவ்வொரு ஆணியிலும் ஆத்திரம். எஞ்சினைச் சூடாக்கி, பழைய ஒயிலைக் கறுப்பாய்த் தட்டத்தில் இறக்கி, புதியதை அளந்து விட்டு, வெறுங்கலனை எடுத்துக்கொண்டு அப்பா எழும்பினார். வீட்டுக்கு இரண்டு கலன் வாங்கியிருந்தோம், மற்றது திறக்காமல் தகரக் கொட்டில் மேசையில் இருந்தது. சனிமுழுக்கு அவருக்குத் தப்பாது, தலைக்கு நல்லெண்ணெய் வைக்கப் போகிறபோது சொன்னார்: "சித்தப்பா எழும்பி வந்தாச் சொல்லு, ஒயில் விட்டாச்சு, தொடவேண்டாம் எண்டு. ஸ்ராட் பண்ணிக் கசியுதோ எண்டு மட்டும் பாக்கட்டும்."

சித்தப்பா வந்தார், காலில் புதுசாய் வாங்கின வெள்ளைச் சப்பாத்தோடு. தட்டம் நிறையப் பழைய ஒயில், மேசையில் திறக்காத கலன், திறந்த பொனற். கம்பி இருக்கிற இடத்தில் சீலை. அவருடைய முகம் கறுத்தது.

"உன்ர கொப்பர் பழசை இறக்கிப்போட்டு முழுகப் போட்டாரோ? புதுசை ஆர் விடுறது, அவற்ற அப்பனோ?"

அவருடைய அப்பன்தானே இவருக்கும் அப்பன் என்று எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. "கொப்பர்" என்று அவர் சொன்ன விதம் காதில் சுட்டது.

"வாயைத் திறந்து சொல்லு. விட்டவரோ, இல்லையோ?"

"இல்லை" என்றேன்.

மேலதிக ஒயில் எஞ்சின் வாயால் வழிந்து அந்த வெள்ளைச் சப்பாத்தை நாறடிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் அறிவு. வழியவில்லை. கலன் முழுவதையும் எஞ்சின் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

மஞ்சள் விளக்கு அணைந்து ஸ்ராட் பண்ணினபோது முதலில் இருமினமாதிரி இருந்தது, பிறகு வெள்ளைப் புகை தகரக் கொட்டிலை நிறைத்தது, பிறகு யாரும் அக்சிலேற்றரை அமத்தாமலே எஞ்சின் கூவத் தொடங்கியது. அளவுக்கு மிஞ்சின ஒயில் மேலேறிவிட்டால் டீசல் எஞ்சின் தன் ஒயிலையே குடித்து ஓடும், ஸ்ராட் பண்ணுகிற திறப்பைப் பிடுங்கினாலும் நிற்காது. சித்தப்பா திறப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். யூட் நடுங்கியது, மேசையில் இருந்த ஸ்பனர்கள் துள்ளி விழுந்தன, எந்த நேரமும் வெடித்து அவரைக் கொண்டுபோகும்போல இருந்தது.

அப்பா இடுப்பில் கட்டின சாரத்தோடு ஓடி வந்தார், தலையாலும் காதாலும் எண்ணெய் வடிய. "கிளச்சை அமத்து! நாலில போடு! பிரேக்கில ஏறி நில்லு!" சித்தப்பா செய்தார். "இப்ப விடடா! கிளச்சை விடடா தம்பி!"

யூட் ஒரு பாய்ச்சல் பாய்ந்து கொட்டில் தூணில் இடித்து நின்றது. எஞ்சின் செத்துப்போனது.

நாலு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. புகைக்குள் இரண்டு பேரும் கண்ணாடிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஆளையாள் பார்த்தார்கள். அப்பா கதவைத் திறந்து சித்தப்பாவின் தோளைப் பிடித்தார், காயம் ஏதும் பட்டதோ என்று பார்க்கிறமாதிரி. அந்த இடத்தில் அது முடிந்திருக்கலாம். பிறகு அப்பாவின் கண் மேசையில் இருந்த வெறுங்கலனில் விழுந்தது.

"ஆர் உன்னை விடச் சொன்னது?"

"விடேல்லை எண்டு உங்கட மகன் சொன்னவன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னியோ?"

"இல்லை. விட்டாச்சு எண்டுதான் சொன்னனான்."

முதல் பொய் ஆத்திரத்தில் வந்தது. இரண்டாவது பயத்தில் வந்தது, முதலாவதைவிட லேசாக வந்தது. அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பழியைக் கொண்டுவந்து பிள்ளையில போடுறியோ? என்ர வீட்டில இருந்துகொண்டோ?" என்றார். சித்தப்பா கம்பளியில் இரண்டு கையையும் ஆறுதலாகத் துடைத்துக்கொண்டு என்னை மட்டும் பார்த்தார், பிறகு உள்ளே போய்ப் பெட்டி அடுக்கினார். அடுத்தநாள் ரயிலில் சிட்னிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா மட்டும் அன்றைக்கு லாச்சியைத் திறந்து கம்பியை எடுத்து அப்பாவின் காலடியில் எறிந்தா.

அந்த யூட் பிறகும் மூன்று குளிர் ஓடியது, நீலப் புகை கக்கிக்கொண்டு. பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போன நாளில் நான் கம்பியை உருவி வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் பதினேழு நாள் இருந்தேன். சொல்லவில்லை.

அப்பாவின் செத்தவீட்டுக்குச் சித்தப்பா வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். உங்களுக்கு நினைவிருக்கும், அதற்கு அடுத்த மாதம் வேலை விசயமாக என்று சொல்லி நான் சிட்னிக்குப் போனேன். பிளாக்டவுனில் அவருடைய வீட்டில் கதிரையில் இருத்தினார், தேத்தண்ணி வந்தது. "சித்தப்பா, அண்டைக்கு நான்தான் பொய் சொன்னனான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீ சின்னப் பெடியன், பொய் சொல்லுவாய். உன்னில எனக்கு ஒரு கோபமும் இருக்கேல்லை. என்ர அண்ணன் என்னை ஒரு சொல்லும் கேக்கேல்லை. அதுதான்." பிறகு கேட்டார்: "கொப்பருக்குச் சொன்னியோ?"

"இல்லை."

அவருடைய முகம் அந்தச் சனிக்கிழமைபோலக் கறுத்தது. "அப்ப இஞ்ச என்னத்துக்கு வந்தனி? அவர் இருக்கேக்க சொல்லாததை எனக்குச் சொல்லி உன்ர நெஞ்சு ஆறுறதுக்கோ? தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பு."

நான் குடித்துவிட்டு எழும்பினேன்.

பிள்ளைகளே, ஒருவர் உங்களிடம் சொல்லிவிடச் சொன்னதைச் சொல்லிவிடுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த புத்தி. அந்தப் பலகை வீடு இப்போது இல்லை, அதே காணியில் இரண்டு மாடி வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, தகரக் கொட்டில் இருந்த இடத்தில் யாரோ மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடுகிறார்கள். புதிசாய் வருகிற பல கார்களில் ஒயில் கம்பியே கிடையாது, திரையில் காட்டுமாம். என் அம்மா மட்டும் இப்பவும் தன் லாச்சியைத் திறக்கிறபோது ஒருதரம் மணந்து பார்க்கிறா.

நேற்றுச் சனிக்கிழமை நீங்கள் எல்லாரும் நீச்சலுக்குப் போன பிறகு என் யூட்டைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தினேன். அதை என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டுவதில்லை. பழைய ஒயிலை இறக்கிப் புதியதை விட்டு, ஆறவிட்டு, கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன், அளவு சரி. பிறகு ஓடு வேலைக்கு வைத்திருக்கிற நீல நாடாவில் ஒரு துண்டு கிழித்து, "ஒயில் விட்டாச்சு, தொடவேண்டாம்" என்று எழுதி, ஸ்ரியறிங்கின் நடுவில் ஒட்டி, ஓரங்களைப் பெருவிரலால் அமத்திவிட்டுக் கராஜ் கதவை இறக்கினேன்.