ராவிரி எழுதாமல் விட்ட பெயர்

ராவிரி தமிஹானாவிடம் நான் எட்டு ஆண்டுகள் உதவி அதிகாரியாக வேலை செய்தேன். சிட்னியில் அரச வீடுகளைக் கவனிக்கும் ஒரு திணைக்களத்தில் அவர் துணைச் செயலாளர். எங்கள் அலுவலகம் பரமட்டாவில் இருந்தது.

அவர் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர். நியூசிலாந்தின் கிழக்குக் கரையில், முந்நூறு பேர்கூட இல்லாத ஊரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் இராணுவத்தில் சேர்ந்து சார்ஜன்ட் ஆனார். கிழக்குத் திமோருக்கு அமைதிப் படையோடு போய்வந்த பிறகு சீருடை வெறுத்துவிட்டது. இரண்டாயிரமாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு மனைவி மேரேயையும் இரண்டு வயது மகன் நிக்காவையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தார். முதல் வேலை, பின்னாளில் அவர் அதிகாரியாக இருந்த அதே கட்டடத்தின் வாசலில் காவல். பிறகு கவுண்டரில் படிவம் வாங்கும் வேலை. மாலையில் படிப்பு. இருபது ஆண்டுகளில் அவர் ஏறிய படிகளை அவர் வாயால் நான் கேட்டதேயில்லை, மேரேதான் சொன்னாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் அறைச் சுவரில் இராணுவப் படமொன்றைக் கண்டேன். தொப்பியும் துவக்குமாகப் பத்துப் பேர். கிளிநொச்சியிலிருந்து வந்தவள் நான். கையிலிருந்த கோப்புகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த நாள் படம் இல்லை. அவரே கழற்றியிருந்தார். நான் உள்ளே போகும்போதெல்லாம் எழுந்து வந்து கதவை நன்றாகத் திறந்து வைப்பார். இரண்டு மாதம் கழித்து நானே சொன்னேன்: "கதவு பூட்டியிருந்தாலும் பரவாயில்லை." அவர் சிரித்தார். எங்களுடைய பேச்சு ஆங்கிலத்தில்தான். ஆனால் இன்று நினைக்கும்போது அவர் குரல் எனக்கு எங்கள் தமிழிலேயே கேட்கிறது.

நிக்காவ் சிட்னியின் மெரிலேண்ட்ஸில் வளர்ந்தான். அவன் பேச்சு, நண்பர்கள், ரக்பி அணி எல்லாம் இந்த ஊருக்கே உரியவை. இருபத்துமூன்றாம் வயதில், ஒரு மதுக்கடை வாசலில் நடந்த சண்டையில் ஒருவனை அடித்தான். விழுந்தவனுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. பதினான்கு மாதச் சிறை. நீதிமன்றத்திலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்த ராவிரி, "செய்தவன் அனுபவிக்கத்தான் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

சிறைக்குள்ளேயே அவனுக்குக் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் சிறை பெற்ற வெளிநாட்டவன் என்பதால் விசா ரத்து, தண்டனை முடிந்ததும் நியூசிலாந்துக்கு அனுப்பப்படுவான்.

எனக்கு விளங்கவில்லை. "நீங்கள் இந்த நாட்டுப் பிரஜை அல்லவோ? அப்ப அவன்?"

அப்போதுதான் சொன்னார். அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது நிக்காவுக்குப் பதினான்கு வயது. பிள்ளையின் பெயரையும் அதே படிவத்தில் எழுதியிருக்கலாம். ஒரு வரி. "நான் வேணுமெண்டே எழுதேல்லை, நாகேஸ்வரி. எங்கட வீட்டில ஒருத்தனாவது முழுசா எங்கட ஊர் மண்ணுக்குச் சொந்தமா இருக்கட்டும் எண்டு நினைச்சன். வளர்ந்த பிறகு அவனே முடிவெடுப்பான் எண்டு விட்டன். அவன் எடுக்கேல்லை. நானும் நினைவூட்டேல்லை."

மேன்முறையீட்டுக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கையெழுத்துக்குக் கீழே வழக்கம்போல அவருடைய பதவியைப் போட்டேன். திரையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அதை எடு. வீட்டு விலாசத்தைப் போடு."

"பதவியைக் கண்டால் ஆராவது எடுத்து வாசிப்பினம், ராவிரி."

"ஓம். அதுக்குத்தான் எடுக்கச் சொல்றன். கவுண்டரில வந்து நிண்ட எத்தினை தகப்பன்மாருக்கு அப்பிடியொரு பதவி இருந்தது?"

எடுத்துவிட்டேன். அன்று மாலை மேரே எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அவர் அமைச்சரோட மாதத்தில ரெண்டு தரம் ஒரே மேசையில இருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டால் என்ன? நீயாவது சொல்லு." நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அமைச்சருடன் அந்த மாதமும் கூட்டம் நடந்தது. குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். கூரை ஒழுகும் வீடுகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்து வந்தார்.

மேன்முறையீடு தள்ளப்பட்டது. கடைசியாகத் தடுப்பு முகாமில் பார்க்கப் போனபோது நிக்காவ் கத்தவில்லையாம். "அப்பா, எனக்கு அங்க ஒரு நாயைக்கூடத் தெரியாது" என்றானாம். இரண்டாயிரத்து இருபத்திரண்டு குளிர்காலத்தில் அவனை ஏற்றி அனுப்பினார்கள். கைவிலங்கோடு என்று பிறகு தெரிய வந்தது.

நிக்காவ் தகப்பனின் ஊருக்கே போனான். சித்தப்பா ஒருவர் வீட்டில் தங்கி, மரம் வெட்டும் கூட்டத்தோடு மலைக்குப் போகத் தொடங்கினான். முதலில் தகப்பனின் அழைப்புகளை எடுக்கவில்லை. பிறகு எடுத்தான். மாவோரி மொழி படிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னான். "உச்சரிப்பு சரியான மோசம்" என்று ராவிரி என்னிடம் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சந்தோஷப்பட்டு நான் கண்ட கடைசி நாள் அதுதான்.

அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதம், மழையில் இளகியிருந்த சரிவில், வெட்டிய பைன் மரம் ஒன்று புரண்டு நிக்காவின் மேல் விழுந்தது. இருபத்தைந்து வயது.

இறுதிச் சடங்குக்கு நானும் அந்த ஊருக்குப் போனேன். ஊர்ப் பொது மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பாயில் மேரே மூன்று நாளும் எழும்பாமல் இருந்தாள். வருகிறவர்கள் மூக்கோடு மூக்கு வைத்துத் துக்கம் விசாரித்துவிட்டு, இறந்தவனின் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். துக்க வீட்டுக்காரர் பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கடைசி மாலையில்தான் குடும்பத்துக்கு முறை வரும். அதுவரை ராவிரி சுவரோரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

முறை வந்தபோது எழுந்தார். மாவோரியில் பேசினார். பக்கத்திலிருந்த மூதாட்டி எனக்கு மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மகனே, நான் உன்ர பெயரை எழுதாமல் விட்டன். இந்த மண்ணுக்கு உன்னைத் தரவேணுமெண்டு ஆசைப்பட்டன். இப்பிடித் தரச் சொல்லி நான் கேட்கேல்லை. எல்லாருக்கும் ஒரே சட்டம் எண்டு சொல்லிச் சொல்லியே வாழ்ந்திட்டன். அது சரிதான். சரியாயிருந்து எனக்கு என்ன மிச்சம்?"

அதோடு நிறுத்தினார். ஊரார் எழுந்து அவருக்காகப் பாடினார்கள். மேரே அவர் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலை குழி மூடும்போது மட்டும், மண் போட்டுக் களைத்த அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கித் தானும் இரண்டு தரம் மண் போட்டாள்.

ராவிரி சிட்னிக்குத் திரும்பவில்லை. விலகல் கடிதம் இரண்டு வரியில் மின்னஞ்சலில் வந்தது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, பிரியாவிடைக்குக் கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டார். வரமாட்டார் என்றேன்.

இப்போது அந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மேரே சிட்னியிலேயே, குவேக்கர்ஸ் ஹில்லில் தங்கை வீட்டோடு இருக்கிறாள். பிரிந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அழைப்பார், அவள் எடுப்பாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். என்ன கதைப்பீர்கள் என்று கேட்டேன்.

"மழை பெய்ததோ எண்டு நான் கேட்பன்" என்றாள். "அவர் ஓம் எண்டுவார், இல்லாட்டி இல்லை எண்டுவார். பிறகு ரெண்டு பேரும் போனைக் காதில வைச்சுக்கொண்டு சும்மா இருப்பம்."