காயில் ஆறும் வரை

கோழிக்குஞ்சு ஏற்றின லாரியை வழியில் அணைக்கக் கூடாது. இருபத்தாறு வருடமாகக் குஞ்சு ஏற்றும் அந்த டிரைவர் என்ன ஆனாலும் இதை மீறியதில்லை. லாரி நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் பெட்டிக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு நாள் குஞ்சுகள் வெந்துபோகும்.

அன்றைக்கு அணைத்தார். மகள் போன் செய்து, பிறந்து எட்டு நாளே ஆன பேரன் புதிதாக ஒரு சத்தம் போடுகிறான், கேளுங்கள் என்றாள். பழைய பெட்ரோல் லாரியின் உறுமலில் பேரன் எங்கே கேட்பான்? ஓரம் கட்டி இஞ்சினை நிறுத்தினார். குஞ்சுகளுக்காகச் சாவியை மட்டும் மறுபடி திருப்பி வைத்தார். பின்னால் இரண்டு ஃபேனும் சாவியோடு ஓடும்படி அவரே ஒயர் இழுத்திருந்தார். கூட வந்த மனைவி போனைப் பிடுங்கிக் கொஞ்சினாள், இவர் பிடுங்கிக் கொஞ்சினார். கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

பிறகு செல்ஃப் அடித்தார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் அதே கதை.

உச்சி வெயில். பேருக்குக்கூட மரமில்லாத சாலை. பின்னால் நாலாயிரம் குஞ்சுகள்.

பானெட்டைத் தூக்கினார். பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரை உருவி, காய்ந்த துணியால் பிடித்து, இஞ்சின் இரும்புக்குக் கிட்டே காட்டினார். மனைவி செல்ஃப் அடித்தாள். நீலப் பொறி தாவ வேண்டும். தாவவில்லை. மூடியைக் கழற்றி, கறுத்திருந்த பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். அவசரத்தில் ஒரு ஸ்குரூ விழுந்தது. மண்ணில் மண்டியிட்டுத் தேடி எடுத்தார். எல்லாம் மாட்டிப் பார்த்தால், அப்போதும் பொறி இல்லை.

பின்னாலிருந்து வந்த கீச்சொலி குறைந்துகொண்டே போனது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குஞ்சுகள் வாயைத் திறந்து இளைக்கின்றன, சிறகைப் பரப்பிவிட்டன என்றாள்.

சாய்ந்துகொள்ளக் கை வைத்த இடத்தில், பொறிக்குக் கரண்ட்டை ஏற்றித் தரும் இக்னிஷன் காயில் இருந்தது. சுரீரென்று சுட்டது. அப்போதுதான் உறைத்தது. இஞ்சின் ஓடும்போது பாயிண்ட் திறந்து மூடி, கரண்ட் விட்டுவிட்டுப் போகும். நின்ற இஞ்சினில் சாவியைப் போட்டு வைத்தாலோ, மூடின பாயிண்ட் வழியாக ஓயாமல் பாய்ந்து காயிலை வேகவைத்துவிடும். வெந்த காயில் பொறி தராது. லாரி தொட்ட முதல் மாதமே தெரிந்துகொண்ட விஷயம்.

"எல்லாத்தையும் நானே கொன்னுட்டேன். சாவியை அணைச்சாத்தான் காயில் ஆறும். அணைச்சா ஃபேன் நின்னுடும்."

"ஏங்க, காயிலுக்குப் போற ஒயரை மட்டும் கழட்டுங்க. ஃபேன் அது பாட்டுக்கு ஓடட்டும்."

"பேட்டரி இறங்கிடுமே."

"அதுக்குள்ள ஆறணும். தாத்தா ஆனதும் புத்தி தொட்டில்ல போய்ப் படுத்துக்கிச்சா? கழட்டுங்க."

கழற்றினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துண்டை நனைத்துக் காயிலைச் சுற்றினார். ஆவி பறந்தது. மனைவி அட்டையைக் கிழித்துக்கொண்டு குஞ்சுகளுக்கு விசிறப் பின்னால் ஏறினாள். இவர் துண்டை நனைத்து நனைத்துச் சுற்றியதில் தண்ணீர் தீர்ந்தது. ஃபேன் சத்தமும் தொய்ந்தது. இன்னும் காத்திருந்தால் செல்ஃப் சுற்றாது. அவசரப்பட்டால் பொறி வராது. புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடுதான், ஆனால் தாங்கியது. காயில் ஒயரை மாட்டி, மிச்சமிருந்த பேட்டரி செல்ஃபுக்கே போகட்டும் என்று ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் முக்கி முனகி ஒரு சுற்று சுற்றியது. இன்னொன்று. மூன்றாவதில் இஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.

மனைவி பின்னாலேயே இருந்தாள். காற்று உள்ளே புகும் அளவுக்கு விரட்டினார். காது முழுக்க முதுகுப் பக்கமே இருந்தது. வெகு தூரம் வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேபினின் பின் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"உள் வரிசையில ஒரு பெட்டி போச்சுங்க. மத்ததெல்லாம் கத்த ஆரம்பிச்சிடுச்சு."

அவர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பெட்டியைத் தனியா வை. வெயில்ல போச்சுன்னு சொல்ல மாட்டேன். நான்தான் அணைச்சேன்னு பண்ணையில சொல்லிடுறேன்."

"சொல்லுங்க. இப்ப ரோட்டைப் பாருங்க."