கல்மூஞ்சி லாயின் சிரித்த படம்

லாய் சிங்-ஷுய் முப்பது வருஷம் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் மற்றவர்களைச் சிரிக்க வைத்தார். அத்தனை வருஷத்தில் கீலுங் துறைமுகத்துக்கு வெளியே யாருக்கும் அவர் பெயர் மனசில் தங்கவில்லை. கேமரா முன்னால் ஒரே ஒரு தடவை சிரித்தார், அதுவும் செத்துப்போன பிறகு. மறுவாரமே தைவான் முழுக்க அவரைத் தெரிந்துபோயிற்று.

செத்தது அவர் இல்லை, தொலைக்காட்சியில் அவர் நடித்த டிரைவர் அ-தெங். இந்த வித்தியாசத்தை ஜனங்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் லாயின் கஷ்டம்.

அவர் தொழிலுக்கு வந்ததே கசப்பில்தான். வாலிபத்தில், கோயில் வாசல்களில் மருந்து விற்கும் ஒரு குழுவோடு ஊர் ஊராகப் போனார். முதலாளி வயிற்றுவலிக் கஷாயத்தைத் தூக்கிப் பிடித்து, தேன் தோற்றது என்று கூவுவார். லாய் ஒரு கிண்ணத்தை மடக்கென்று குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் போல நிற்பார். அதைப் பார்த்து நம்பி வாங்கிக் குடித்தவன் கண் பிதுங்கிக் காறித் துப்புவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ராத்திரி லாய் வாந்தி எடுப்பதை யாரும் பார்த்ததில்லை.

அந்த முகத்தைப் பார்த்த ஒருவர் அவரைத் தொலைக்காட்சிக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் மூஞ்சியில் கேக்கை அப்பினார்கள், காகித விசிறியால் மண்டையில் அடித்தார்கள், குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளினார்கள். எல்லாவற்றுக்கும் அதே முகம். கல்மூஞ்சி என்று பட்டம் வந்தது. பிறகு நாள்தோறும் வரும் 'துறைமுக வீடு' தொடரில் பணக்காரக் குடும்பத்தின் டிரைவர் வேஷம் கிடைத்தது. கார்க் கதவைத் திறப்பது, குடை பிடிப்பது, யார் யார்மேலோ உள்ள கோபத்துக்குத் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் வேலை.

அதிலே இருந்திருக்கலாம். ஒருநாள் வாயைத் திறந்து, தயாரிப்பாளர் ஜுவாங்கிடம் ஒன்று கேட்டார்.

"ஜுவாங் சார், அ-தெங்குக்கும் வயசாகுது. அந்தச் சமையக்காரம்மாவைக் கட்டி வெச்சா என்ன? ரெண்டு வசனமாவது கூட வரும்."

"ஷுய் அண்ணே, நீங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்லுவேனா? யோசிக்கிறேன்."

யோசித்தார். அந்தத் தொடரில் காலையில் எழுதி, மத்தியானம் எடுத்து, அன்றைக்கே ஒளிபரப்புவார்கள். மறுநாள் காலை வந்த தாளில் அ-தெங்கின் காருக்குப் பிரேக் பிடிக்கவில்லை, கடலுக்குள் போயிற்று, உடல் கிடைக்கவில்லை. சமையல்காரம்மாவுக்கு அந்த மாசமே வேறு ஒருத்தரோடு கல்யாணம் நடந்தது.

உடல் இல்லாவிட்டாலும் கதை வீட்டுப் பூஜை மேடையில் வைத்துக் கும்பிட அ-தெங்கின் படம் வேண்டுமே. கதையில் செத்தால், தோஷம் கழிய நடிகருக்குக் கம்பெனி சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். மேடைக்குப் படம் எடுத்த கையோடு கேமராவைப் பார்த்து ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளும். இந்த விஷயத்தில் புருஷனை நம்பாமல், சந்தையில் மீன் உருண்டை விற்கும் சியூ-யுன் கடையைப் பூட்டிவிட்டு நேரே படப்பிடிப்புக்கே வந்துவிட்டாள்.

துக்கப் படம் ஒரு நொடியில் முடிந்தது. அதற்கு அவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சிரிப்புதான் வரவில்லை. உதட்டை இழுத்தார், பல்வலிக்காரர் போல இருந்தது.

"ஏய் கெழட்டுக் குரங்கே, சிரிச்சுத் தொலை! ஊரையே சிரிக்க வெக்கிற, உனக்குன்னு ஒரு சிரிப்பு இல்லையா?"

திட்டிக்கொண்டே கோட்டைச் சரிசெய்யப் பின்னால் போனவள் அப்படியே நின்றாள். அது கதாநாயகனின் கோட்டு, ரொம்பப் பெரிசு. முதுகு நெடுக துணி காயப்போடும் கிளிப்புகளைப் போட்டு இறுக்கியிருந்தார்கள். அவள் அவர் காதோரம் குனிந்து சொன்னாள்: "செத்த பிறகாவது உனக்கு அளவாச் சட்டை தைப்பாங்கன்னு நெனச்சேனே!"

லாய் சிரித்துவிட்டார். தலை பின்னால் போய், கண் காணாமல் போய், முன்பல் இடுக்கும், பக்கத்துப் பல்மேல் ஏறி உட்கார்ந்த கோரைப்பல்லும் தெரியச் சிரித்தார். வீட்டில் அவள் மட்டுமே பார்த்திருந்த சிரிப்பு. புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டார்.

இரண்டு படங்களும் ஒரே உறையில் போயின. சட்டம் போடுகிற ஆளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் எது நன்றாக இருந்ததோ அதைப் போட்டார். மேடையில் வைத்துத் துணியை விலக்கியபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு எஜமானியாக நடித்த மெய்-ஜூ அக்கா, "அ-தெங்! இந்தக் குடும்பத்துக்காக உசுரையே குடுத்திட்டியேடா!" என்று கதறிக்கொண்டு விழுந்தார். நிமிர்ந்தார். எதிரே வாய் நிறையப் பல். அக்கா சட்டென்று முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டார்; தோள்கள் குலுங்கின. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் காட்சிக்காக மறுவருஷம் அக்காவுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

ஒளிபரப்பான பிறகு படத்தை மாற்ற முடியவில்லை. அந்த மேடைக்கு முன்னால்தான் மூத்த மகன் பொய்ச் சத்தியம் செய்தான், மருமகள் பாலில் விஷம் கலந்தாள், வக்கீல் உயிலைத் திருடினார். எல்லாவற்றுக்கும் பின்னால் அ-தெங் சிரித்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் கதையை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். பிரேக் பிடிக்காமல் செத்த டிரைவரின் படத்தை, விபத்து வராமல் இருக்க டாக்சிக்காரர்கள் வண்டியில் ஒட்டிக்கொண்டார்கள்.

அப்படியொரு டாக்சியில் லாயே ஏறினார்.

"யாருப்பா இது?" என்று கேட்டுப் பார்த்தார்.

"என்ன சார், இவரைத் தெரியாதா? நீங்க எந்த ஊரு?" என்றார் டிரைவர், கண்ணாடியில் அந்தக் கல்மூஞ்சியைப் பரிதாபமாகப் பார்த்து.

லாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் படத்தின் மேலேயே பொறாமை. உயிரோடு அந்த வீட்டுக்குள் திரும்பிப் போக வேண்டும், படத்தைவிட நான் நன்றாகச் சிரிக்க வைப்பேன் என்று காட்ட வேண்டும். அந்த ஒரே ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. கூடவே ஒரு வெட்கமும் வந்து சேர்ந்தது. நாடே தன் கோணல் பல்லைப் பார்த்துவிட்டதே! நேரே பல் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சீராக்கிக்கொண்டு வந்தார்.

சியூ-யுன் கரண்டியைக் கீழே போட்டாள். "யாரைக் கேட்டுப் பல்லை மாத்தினே? அது என்ன உன் பல்லா? அதைப் பாத்துத்தானே உன்னையக் கட்டிக்கிட்டேன்!" அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கொஞ்ச மாசம் கழித்து ஜுவாங் கூப்பிட்டார். "அண்ணே, கடுதாசி கடுதாசியா வருது, அ-தெங் வேணுமாம். உடம்புதான் கிடைக்கலையே, உசுரோட வந்துடுங்க!"

லாய் துறைமுகக் கோயிலில் ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போனார். குடும்பம் மேடை முன் கும்பிட்டு நிற்கும்போது அவர் கதவைத் திறந்து வர வேண்டும். ஒத்திகையில் அவர் தன் பாணியில் வந்தார். எல்லோரும் அலறினார்கள். அவர் தன் படத்தைப் பார்த்தார். அதற்குப் படைத்திருந்த ஆரஞ்சை எடுத்தார். உரித்து, நின்றபடியே, அதே முகத்தோடு தின்ன ஆரம்பித்தார். லைட் பிடித்தவர்கள் சிரித்த சிரிப்பில் வெளிச்சம் ஆடியது.

"அதெல்லாம் வேணாம் அண்ணே," என்றார் ஜுவாங். "படத்தில இருக்கிற மாதிரி சிரிங்க. ஜனங்களுக்கு அது போதும்."

மறுபடியும் பல்வலி முகம். வேறு வழியில்லாமல் சியூ-யுன்னுக்குப் போன் போனது. ரப்பர் பூட்ஸோடு, மீன் வாடையோடு வந்து நின்றாள். இந்தத் தடவை கோட்டு கச்சிதமாக இருந்தது. அவள் பின்னால் போய் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"கிளிப்பே இல்லையே! இது நிச்சயமா வேற யாருக்கோ தைச்சது, குடுத்துட்டு வந்துடு."

லாய் தலை பின்னால் போகச் சிரித்தார். கண் காணாமல் போயிற்று. உள்ளே பற்கள் குளியலறை ஓடு பதித்தது போல வரிசையாக, வெள்ளையாக, ஒரு இடுக்கு இல்லாமல் தெரிந்தன.

ஜுவாங் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "இது... அவரு மாதிரி இல்லையே அண்ணே."

"எவரு மாதிரி?"

"அ-தெங் மாதிரி."

"நான்தான்யா அ-தெங்!"

"எனக்குத் தெரியுது. ஜனங்க நம்ப மாட்டாங்களே!"

எழுதுகிறவர் மூலையில் உட்கார்ந்து தாளை மாற்றினார். அன்றைக்கு ஒளிபரப்பில், சொத்துக்கு ஆசைப்பட்டு அ-தெங் போல வேஷம் போட்டு வந்த மோசடிக்காரனை மெய்-ஜூ அக்கா பல்லைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். போலீஸ் இழுத்துக்கொண்டு போயிற்று. மேடையில் அ-தெங் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் சந்தையில் மீன் வாங்க வந்தவர்கள் சியூ-யுன்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உன் வீட்டுக்காரருக்கு என்ன புத்தி? அந்த நல்ல மனுஷன் பேரைக் கெடுக்கப் பாத்தாரே!"

தொடர் ஒருவழியாக முடிந்தபோது கம்பெனிக்குப் படத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவர் படம், எரிக்க முடியாது. மேடையில் இருந்த படம், தூக்கிப் போடவும் பயம். லாயையே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள். மழையில் நனையாமல் தன் ரெயின்கோட்டைச் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தார்.

"உள்ள கொண்டு வராதே," என்றாள் சியூ-யுன். "வீட்டுக்கு ஒருத்தன் போதும்."

துறைமுகச் சந்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஷூ-ஃபென் அக்கா ஆசையாகக் கேட்டு வாங்கி, சூப் பானைக்கு மேலே மாட்டினாள். தினமும் ஒரு ஆரஞ்சு படைத்தாள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. லாய் காலையில் அங்கேதான் சாப்பிடுவார்.

ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் கிண்ணத்திலிருந்து நிமிர்ந்து, "அட, அ-தெங்! இப்படிச் சிரிக்கிறதுக்கு இப்ப யாரு இருக்கா?" என்றார்.

"தங்கமான மனுஷன்," என்றாள் ஷூ-ஃபென். கரண்டியால் லாயைக் காட்டினாள். "இதோ, அவரு பேரைச் சொல்லி ஏமாத்த வந்தாரே, அந்த வேஷம் போட்டவரு இவருதான்."

"நீங்கதானா அது! எப்படிய்யா மனசு வந்துச்சு?"

கடையே திரும்பிப் பார்த்தது. மீன் உருண்டை கொண்டுவந்த சியூ-யுன் வாசலிலேயே நின்றுவிட்டாள். லாய் எழுந்தார். அதே முகம். படத்துக்கு மூன்று தடவை குனிந்து வணங்கினார். காதைச் சட்டத்தின் பக்கம் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு படைத்திருந்த ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"கேட்டுட்டேன்," என்றார். "கோவமெல்லாம் இல்லையாம். பழம்தான் நேத்தைக்கு புளிச்சுதாம்."

வெளியூர்க்காரருக்கு நூடுல்ஸ் மூக்கில் ஏறியது. ஷூ-ஃபென் பானையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சியூ-யுன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தக் கடையில் முதல் தடவையாகப் படத்தை யாரும் பார்க்கவில்லை. லாய் பஸ்ஸுக்கு நிற்பவர் போல நின்றுகொண்டு அடுத்த சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.