மாப்பிள்ளைக்குப் படித்த பாட்டு

யார் வீட்டில் ஒப்பாரி எழுந்தாலும் எனக்கு என் கல்யாணம்தான் நினைவுக்கு வருகிறது.

பத்திரிகை வேலையில் நான் போய் நின்ற சாவு வீடுகள் அதிகம். வாசலில் நின்று இறந்தவரின் பேரும் வயதும் கேட்டு எழுதிக்கொண்டிருப்பேன். உள்ளே பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு உட்கார்ந்து முதல் வரியை எடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு வைக்கோல் படப்பும், எருக்கம்பூ மாலையும், மூக்கு ஒழுகும் ஒரு மணப்பெண்ணும் கண்ணில் வருவார்கள். இதை இதுவரை எந்தச் சாவு வீட்டிலும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய இடமும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓடைப்பட்டியில் நடந்தது. எனக்கு எட்டு வயது. அவளுக்கு ஏழு இருக்கும். அவள் என் அத்தை மகள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அத்தையின் புருஷன் கம்பம் மெட்டு வழியாக மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனவர், மலைக்காய்ச்சலில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். உடலை இறக்கிக் கொண்டுவர வழியில்லை. செய்திதான் இறங்கி வந்தது. அப்பா போய்த் தங்கையையும் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளையையும் அழைத்துவந்து, ஊரார் முன்னால் ஒரு சொல் சொன்னார்: "ஏந்தங்கச்சி மக எம்மகனுக்குத்தான்."

அந்தச் சொல்லை நம்பித்தான் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். மாடு, தொழுவம், உரல், பருத்திக் காடு என்று எல்லா வேலையும் அவளுடையது. அந்தச் சொல் நிற்கும்வரைதான் அவளுக்கு அந்த வீடு. இது பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியாது.

தெருவே எங்களை மாப்பிள்ளை, பொண்ணு என்றுதான் கூப்பிட்டது. அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, வாயாடி. "ஏலே, ஒம் பொண்டாட்டிக்கு மூக்கு ஒழுகுது பாரு, தொடச்சுவிடு" என்பாள். நான் என் சட்டை நுனியால் துடைத்துவிடுவேன். வாத்தியாரிடம் நான் அடி வாங்கிவிட்டு வந்தால் அத்தை மகள் அழுவாள். அதனால் நான் அழ வேண்டியிருக்காது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

அத்தைக்கு ஒரு பாட்டு உண்டு. புருஷனுக்கு அவள் படித்த ஒப்பாரி. வீட்டுக்குள் அது வாயில் வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா கெட்டவள் அல்ல. மூன்று பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவள். மிஞ்சிய இருவரில் நான் மூத்தவன், பயம் முழுவதும் என் மேல்தான் இருந்தது. ஆகவே அத்தை காட்டில் படித்தாள். பருத்தி எடுத்துக்கொண்டே, யாருக்கும் கேட்காமல், உதட்டுக்குள் படிப்பாள். சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும் மகளுக்கு மட்டும் கேட்கும். மற்றப் பிள்ளைகள் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தார்கள். அவள் கேட்டு வளர்ந்தது அது.

தெருவில் ஒரு கல்யாணம் முடிந்த மறுநாள், படப்புக்குப் பின்னால் நாங்களும் கல்யாணம் வைத்தோம். என் தம்பி பூவரச இலையைச் சுருட்டி நாயனம் ஊதினான். எருக்கம்பூ மாலை மாற்றிக்கொண்டோம். நூலில் கோத்த மஞ்சள் துண்டை நான் கட்டினேன். மண்சோறு பரிமாறினோம். எல்லாம் முறையாக நடந்தது. முதல்நாள் கல்யாணத்தில் பெண்கள் மாப்பிள்ளையைக் கேலி செய்து பாடியதைத் தம்பி பார்த்திருந்தான்.

"பொண்ணு இப்பப் பாட்டுப் படிக்கணும்" என்றான்.

"மச்சானுக்கா?"

"ஆமா. மாப்பிள்ளைக்கு."

அவள் யோசித்தாள். "பொண்டாட்டி புருசனுக்குப் படிக்கிற பாட்டுத்தான?"

"அதான்."

"அது எனக்குத் தெரியுமே" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைப் படுக்கச் சொன்னாள். தன் தலைமயிரை அவிழ்த்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைந்தபடி எடுத்தாள்:

ஏலமலை போன ராசா
எறங்கி வரக் காணலியே
பால்சோறு ஆறுதய்யா
பக்கத்தில ஆளிலியே

நான் பக்கத்தில்தான் கிடந்தேன். அதைச் சொல்லி அவளைத் திருத்தலாமா என்று கூட நினைத்தேன். ஆனால் ராசா என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். குரல் இளசாக இருந்தாலும் இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, விட வேண்டிய இடத்தில் விட்டாள். தம்பி நாயனத்தை நிறுத்திவிட்டான்.

தொழுவத்திலிருந்து சாணிக்கூடையோடு வந்த அம்மா அந்தக் கோலத்தைப் பார்த்தாள். கூடை விழுந்தது. ஓடிவந்து என்னை அள்ளி எடுத்து, என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் சத்தம் வந்தது.

"என்னடி படிச்ச? உசுரோட கெடக்குற புள்ளைக்கு என்னடி படிச்ச?"

மாவுக் கையோடு அத்தை ஓடிவந்தாள். "மதினி, சின்னப் புள்ள மதினி. தெரியாமப் படிச்சிருச்சு."

"ஒம் புருசனுக்கு நீ படி, நாங் கேக்கல. எம்புள்ளைக்கு ஏன் படிக்கிறா ஒம் மக?"

அத்தை மகளை அடித்தாள். எங்கள் எல்லோருக்கும் முன்னால், வேண்டியதற்கு மேலேயே அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பங்குலையால் வீசினார்கள். பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "ஏலே மாப்பிள்ளை, செத்தது போதும். எந்திரிச்சுக் கஞ்சியக் குடி."

"வெளையாடாதக்கா" என்று அம்மா அழுதாள்.

"அட, இதுக்கு என்னத்துக்குடி அழுகுற? கெட்ட பாட்டு வந்த வாயிலேயே நல்ல பாட்டு ஒண்ணு வரட்டும். எல்லாம் சரியாப் போகும். ஏ புள்ள, ஒரு கல்யாணப் பாட்டுப் படி."

அவள் விசும்பிக்கொண்டே தெரியாது என்று தலையாட்டினாள்.

அத்தைக்குத் தெரியும். அவள் கல்யாணத்தில் அவளுக்குப் பாடியிருப்பார்கள். மகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவள் வாயைத் திறந்தாள். அம்மா கையை நீட்டினாள். "நீ வேணாம்." தாலி அறுத்தவள் வாயால் அந்தப் பாட்டு வரக்கூடாது. அத்தை வாயை மூடிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

பெரியம்மாவே கையைத் தட்டிச் சொல்லிக்கொடுத்தாள். மஞ்சள் கிழங்கெடுத்து மணவறைக்குக் கோலமிட்டு என்று தொடங்கும் ஒரு சின்னப் பாட்டு. அவள் கேட்டுக்கொண்டாள். அறிவுள்ள பிள்ளை, வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்த ராகம் ஒன்றுதான். மஞ்சளும் மணவறையும் கோலமும் அந்த ராகத்திலேயே இழுபட்டு வெளியே வந்தன. வரி முடிவில் அதே விம்மல் வந்தது.

"அப்படி இல்லடி. வெரசாப் படி, சிரிச்சுக்கிட்டுப் படி."

அவள் சிரித்துக்கொண்டு படித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. பெரியம்மா முதலில் சிரித்தாள். அடுத்த முறை கேட்டபோது முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா சிரிக்கவே இல்லை. எனக்கு என்னவோ, பெரியம்மா படித்ததைவிட அவள் படித்ததுதான் நன்றாக இருந்தது.

"போதும், நிறுத்து. நீ வாயத் தொறந்தாலே எழவுதான்" என்றாள் அம்மா.

மழைக்குப் பின் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் தெருவில் பாதிப் பேருக்கு அதே காய்ச்சல். மற்றவர்களுக்குத் தேங்கிய தண்ணீரால் வந்தது, கொசுவால் வந்தது. எனக்கு மட்டும் பாட்டால் வந்தது. கொயினா மாத்திரை கொடுத்தார்கள். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு வாசலைப் பார்ப்பேன். சில வேளை அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் பேச மாட்டாள். அம்மா வரும் சத்தம் கேட்டால் ஓடிவிடுவாள். அந்த வீட்டில் அவள் யாரிடமும் பேசுவதில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். "அழுத்தக்காரி" என்றாள் அம்மா.

நான் பிழைத்தேன். ஆனால் அம்மா அப்பாவிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டாள். ஒருநாள் தொழுவத்தில் அப்பா தங்கையிடம் சொல்வதைக் கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்குப் போய் இருந்துட்டு வா ஆத்தா. கங்காணி நமக்குத் தெரிஞ்ச ஆளு. ஒம் மதினி மனசு ஆறட்டும்."

"அவுக போன மலைக்கா அண்ணே போகச் சொல்ற?"

அப்பா மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"நீ சொன்ன சொல்லு?"

"அது இருக்கு. எங்க போகப் போகுது?"

செய்தியை முதலில் சொல்லிவிட்டு விவரத்துக்கு வருவது என் தொழில் பழக்கம். ஆகவே முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் அப்பா மெட்டு ஏறிப் போனார். தாயும் மகளும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கங்காணி சொன்னான். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் ஒருத்தி, காய்ச்சலில் போனது தாய் மட்டும்தான் என்றாள். இன்னொருத்தி, போனது மகள் என்றாள். அப்பா வீட்டுக்கு வந்து இவ்வளவையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பின் உலகச் சண்டை வந்து, சாலைகள் வந்து, நான் வளர்ந்து பலமுறை அந்த மலைக்குப் போயிருக்கிறேன். ஊர் ஊராகச் செய்தி சேகரித்துப் பிழைத்தவனுக்கு இந்த ஒரு செய்தி கிடைக்கவில்லை. அவளை இருப்பவளாக நினைப்பதா, இறந்தவளாக நினைப்பதா என்று இன்றுவரை தெரியாது.

அவர்கள் கிளம்பியது ஒரு காலை வேளை. கம்பத்துக்குப் பருத்தி ஏற்றிப்போகும் வண்டியில் இடம் பிடித்திருந்தார் அப்பா. அம்மா அரிசியும் கருப்பட்டியும் கட்டிக்கொடுத்தாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது. அத்தை என் தலையில் கை வைத்து, "நல்லா இரு சாமி" என்றாள். மகள் பருத்திப் பொதிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏ புள்ள, எப்ப வருவ?" என்று கேட்டேன்.

அவள் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மச்சானுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லுடி" என்றாள் அத்தை. அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அத்தை கையைப் பிடித்து இழுக்கப்போனதும், அந்தக் கையின் மேல் இடது கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு ஒழுகியது. அதைத் துடைக்கவும் அவள் கையை எடுக்கவில்லை.

கோபம் என்று நினைத்தேன். பாட்டுக்கு அவள் அடி வாங்கினால் நான் என்ன செய்வது என்று எனக்கும் கோபம் வந்தது. "போ" என்று சொல்லிவிட்டு, வண்டி நகர்வதைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனேன். வாயைத் திறந்தால் நான் செத்துப்போவேன் என்று அவள் நம்பியிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.