பார்பரா வெளியே வராத டிசம்பர்

சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியிலிருந்து யாரும் சுற்றிப் பார்க்கப் போகிற ஊர் இல்லை இது. நானும் அதற்காகப் போகவில்லை. அங்கே குடியிருக்கும் ஒரே தமிழரான சிவம் அண்ணை, சாமி தூக்க ஒரு தோள் குறைகிறது என்று கூப்பிட்டார். நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் கிடைத்த இரண்டு நாள் விடுப்போடு டிசம்பர் மூன்றாம் தேதி புறப்பட்டேன்.

சூரிச்சிலிருந்து விஸ்ப் வழியாக சியோனுக்கு ரயில். முன்கூட்டியே எடுத்த சலுகைச் சீட்டு 38 பிராங்க். சியோனில் மஞ்சள் தபால் பஸ் ஏறினால் நாற்பது நிமிடம். கடைசி நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். சப்பாத்து நல்லதாக இருக்கட்டும், என்னுடையது வழுக்கியது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு நிலக்கரி வருவது குறைந்தபோது இந்த மலையைக் குடைந்திருக்கிறார்கள். மட்டமான கரிதான், ஆனாலும் நாடு அதைத்தான் எரித்தது. வெதுப்பகம், பள்ளிக்கூடம், பித்தளை வாத்தியக் குழு எல்லாம் இருந்ததாம். ஞாயிறு பூசையில் தூசி அடைத்த நெஞ்சுகள் இருமுவதில் பாதிரியார் சொல்வது ஒன்றும் கேட்காதாம். போர் முடிந்து நல்ல கரி வந்ததும் சுரங்கத்தை மூடினார்கள். நான் போன அன்று மாலை விளக்கு எரிந்தது பத்துப் பன்னிரண்டு வீட்டில்தான்.

மிச்சம் இருந்தது பார்பரா. சுரங்கக்காரர்களைக் காக்கிற புனிதை. டிசம்பர் நான்காம் தேதி நண்பகல் மணிக்கு முன் அவளை நான்கு பேர் தூக்கும் மரப் பல்லக்கில் வைத்து, சிற்றாலயத்திலிருந்து சுரங்க வாசல் வரை கொண்டுபோக வேண்டும். முதல் நாள் மாலை ஊரோடு உட்கார்ந்து பார்லி சூப் குடித்தவர்கள் மட்டும் தூக்கலாம். எந்த வருடம் அவள் வெளியே வரவில்லையோ, அந்த வருடமே பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவது என்று ஊரார் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். மற்றவர்கள் தடி ஊன்றி நடக்கிறவர்கள், தூக்கத் தெம்பிருந்த தோள்கள் மூன்று: சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் மார்செல், அவருடைய பக்கத்து வீட்டு லூசி, சிவம் அண்ணை.

அண்ணை அகதியாக வந்து முதலில் டாவோஸில் கோப்பை கழுவினார். பிறகு இந்த ஊர் விடுதிச் சமையலறைக்கு வந்தார். விடுதி மூடிய பிறகும் அவர் போகவில்லை. அவருடைய மனைவி இறந்தபோது பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் இந்த ஊரார். அந்தக் கடன் தோளில் இருக்கிறது என்று சூப் குடிக்கும்போது என்னிடம் சொன்னார். சூப்பில் உப்பில்லை, ஆனால் நான் ஊராளாகிவிட்டேன்.

விடிந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தான். பெரியப்பா போய்விட்டார். அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அண்ணையிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

“துடக்கோட தூக்கக் கூடாது, தம்பி. அவையின்ர சாமி எண்டாலும் சாமிதானே.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாவு வீட்டுத் தீட்டோடு நாங்கள் கோயில் வாசலை மிதிக்கிறதில்லை. இங்கே மட்டும் எப்படித் தொடுவது? அண்ணை பிரெஞ்சில் மார்செலிடம் போய், இவருடைய பெரியப்பா செத்துவிட்டார், இவர் தூக்க மாட்டார் என்று மட்டும் சொன்னார். மார்செல் என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. சூப் குடிக்காதவர்கள் என்றாலும் பரவாயில்லை என்று, ஊரார் சிற்றாலயத்து வாசலில் நின்று பள்ளத்தாக்கில் இருக்கும் தங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார்கள். எல்லாருக்கும் வேலை. மணி அடித்தது. லூசி அழுதுகொண்டே பூட்டைப் போட்டார்.

மூன்றரை பஸ்ஸுக்கு அண்ணையும் மார்செலும் என்னோடு இறங்கி வந்தார்கள். வழியில் அண்ணை துடக்கு என்றால் என்னவென்று அவருக்கு விளக்கியிருக்கிறார். மார்செல் நடையை நிறுத்திவிட்டு மெதுவாக என்னவோ சொன்னார். அண்ணையின் முகம் செத்துப்போனது. பஸ் நிறுத்தத்தில்தான் எனக்குச் சொன்னார்.

“மலைக்குள்ள ஆரும் செத்தால் அண்டைக்கே அவளைத் தூக்குவினமாம். பல்லக்கின்ர முன் தடி எப்பவும் செத்த வீட்டுக்குத்தானாம். மனிசி செத்த வருசம் எனக்கெண்டு முன் தடியை விட்டு வச்சிருந்தவையாம். நான் துடக்கெண்டு கிட்டவும் போகேல்லை. அவையும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருடம் ஒரே மேசையில் சூப் குடித்தவர்கள், ஒருவரை ஒருவர் மதித்து மதித்தே இந்த ஒன்றைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். நண்பகல் போய்விட்டது. மறுநாள் வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனதாக அண்ணை சொன்னார். அதன் பிறகு அவர் தொலைபேசியில் அதிகம் கதைப்பதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஊரில் சாப்பிட இடம் கிடையாது, கட்டிக்கொண்டு போங்கள். சுரங்க வாசலில் கம்பிக் கதவு, உள்ளே போக முடியாது. குளிர்காலத்தில் மூன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான். பார்பராவைப் பார்க்க மேலே ஏற வேண்டியதில்லை, கீழே அருங்காட்சியகத்தில் எட்டு பிராங்க், திங்கட்கிழமை பூட்டு. வீட்டில் துடக்கு என்று தயங்க வேண்டாம், அவளிடம் அப்போதுதான் போக வேண்டும். ஆனால் இப்போது கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். யாரையும் தொட விடுவதில்லை.