விலாங்குக்கு இரண்டு வாசல்

மலாய் நாட்டில், காஜா பேராங்கில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மூச்சு விடக்கூட இடம் கிடையாது. மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார்கள். நடுவில் புதுப் பெண்டாட்டியாக நான். என் வீட்டுக்காரர் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷர். என்னைப் பிடித்துத்தான் கட்டினாரா, பெரியவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினாரா என்பதே எனக்குப் புரியவில்லை.

கடை விடுமுறையன்று கடல் வற்றியிருந்தால் விலாங்கு பிடிக்கக் கிளம்புவார். புளி கரைத்து வைத்த விலாங்குக் குழம்பென்றால் அத்தைக்கு உயிர்.

"ஒரு ஆளால முடியாதும்மா, இவளயும் கூட்டிட்டுப் போறேன்" என்பார்.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவேன். சேற்றுக்குள் விலாங்கின் வளைக்கு இரண்டு வாசல் இருக்கும். ஒன்றை நான் குதிகாலால் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றதில் அவர் கையை விடுவார். வெயில் மண்டையைப் பிளக்கும். அவர் பேசுவதெல்லாம் "அசையாத, அங்கயே நில்லு" என்பதுதான். பாவி மனசு, அதற்கே குளிர்ந்துபோகும்.

நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு மறு வருஷம் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கடிதம் மாமனார் பெயருக்கு வரும். அவர் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பார். கடைசியில் "அவளும் சுகந்தானே" என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு நாள் தாங்க முடியாமல், மட்டி பொறுக்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். அந்தச் சேற்றையாவது பார்க்க வேண்டும்போல் இருந்தது. அங்கே ஒரு மலாய்க்காரி தன்னந்தனியாக விலாங்கு பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிடி சேற்றை உருட்டி ஒரு வாசலை அடைத்தாள். மற்றதில் கையை விட்டாள். விலாங்கு வாளிக்குள் விழுந்தது.

"சோராங் பொலே கா?" என்றேன். தனியாளாக முடியுமா?

"பொலே லா!" என்று சிரித்தாள்.

அத்தனை நாள் வெயிலில் நின்று நான் செய்த வேலையை ஒரு பிடி சேறு செய்துவிட்டது. மட்டியும் பொறுக்காமல் வீட்டுக்கு ஓடினேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, விலாங்கு பிடிக்க ஒரு ஆளே போதுமாமே!"

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தெரியும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி அவன் தனியாத்தானே போவான்."

அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சிங்கப்பூரில் இருந்தார். எனக்கு அவர் அந்த நிமிஷமே வேண்டியிருந்தது.