பூ கட்டும் முடிச்சு

பால்கனித் தொட்டியில் தையல்சிட்டு ஒன்று இலைகளைச் சேர்த்துத் தைக்கிறது. நான் கதவைத் திறக்காமல் நிற்கிறேன்.

தொண்ணூறுகளில், திண்டுக்கல் வீட்டில், அம்மா மல்லிகை கட்டி விற்பாள். மிச்ச நூலைப் பிய்த்துக் கொல்லைக் கத்தரிச் செடியருகே போடுவாள். சிட்டு அதை எடுத்துத்தான் கூடு தைத்தது.

"கிட்டப் போகாத தாயி, பயந்துரும்."

ஆடிக் காற்றில் கூடு ஆடியது எனக்குப் பொறுக்கவில்லை. பூ நூலால் இலைக்காம்பைத் தண்டோடு இறுக்கிக் கட்டினேன். இரண்டு நாளில் இலை வாடித் தொங்கியது. முட்டைகள் தரையில் உடைந்து கிடந்தன.

"பூனைதாம்மா," என்றேன்.

அம்மா முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "பூனைதான் போலருக்கு."

அவள் சாகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் பூ கட்டத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.